நாற்பதாவது விளக்கு

உங்கள் மேசை ஒரு சாண் அகலம் அதிகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, வந்து உட்கார்ந்ததுமே கண்ணில் பட்டது. இவ்வளவு தள்ளி உட்கார வைத்தால் யாருக்கும் மனம்விட்டுப் பேச வராது. நாற்காலியையும் தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை. இதைச் செய்த ஆள் மனிதர்களோடு அதிகம் பழகியிருக்க மாட்டார். போகட்டும், எனக்குப் பேச்சு வர மேசை தடையில்லை. நீங்கள் கேட்டது மூன்று விஷயம். அந்த ஸ்டீல் ஸ்கேல் என் பைக்குள் எப்படி வந்தது, அவர் மணிக்கட்டில் தடம் எப்படி வந்தது, சாவி எங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் சீசாவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடுகிற சீசா. இருபத்தாறு வருடம் அதைச் செய்துதான் பிழைத்தேன். ஊஞ்சலும் சறுக்குமரமும்கூடச் செய்தோம், ஆனால் என் மனம் சீசாவில்தான். ஊஞ்சலில் ஒரு பிள்ளை தனியாக ஆடிவிடும். சீசாவில் தனியாக உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டியதுதான். எதிரே ஓர் ஆள் வேண்டும். பேர்கூடத் தெரியாத பிள்ளையாக இருந்தாலும் “ஏய், வர்றியா?” என்று வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் இத்தனை வருடம் மரத்திலும் இரும்பிலும் செய்துகொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அலுவலகத்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எதற்கும் தலையை ஆட்டுவார், அதனால் தலையாட்டி என்று பேர். அவர்கள் தொழில் என்ன தெரியுமா? ஓர் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகம் இருக்குமே, ‘பயன்படுத்தும் முறை’ என்று, நாம் யாரும் பிரித்துப் படிக்காதது, அதை எழுதுகிறவர்கள். எட்டாவது மாடி, பெரிய கூடம், நாற்பது பேர். ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். பக்கத்து மேசைக்காரர் தும்மினால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கணினியில் தட்டி அனுப்புவார்கள். அவரும் திரும்பிப் பார்க்காமல் ‘நன்றி’ என்று தட்டுவார்.

“நல்ல ஆளுங்கதான்ம்மா. பேச மாட்டேங்கறாங்க, அவ்வளவுதான்” என்றார் தலையாட்டி.

“எத்தனை நாளா இப்படி?”

“நான் வந்து ஏழு வருஷம் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட கேட்கலாம்னு பார்த்தா, அவரும் பேச மாட்டார்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கூடத்தில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அதுதான் போலிருக்கிறது. நாற்பது தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அந்த நாற்பது முகங்களையும் பார்த்தபோது, பெட்டி பெட்டியாகப் பிரிக்காமல் கிடக்கும் பொம்மைகளைப் பார்த்தது மாதிரி இருந்தது. பிரித்து விளையாட ஆள் வந்துவிட்டேன்.

முதலில் டீ இயந்திரம். அதற்கு இரண்டு பொத்தான்கள் வைத்தேன், சுவரின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் டீ வரும், அதுவும் இரண்டு கோப்பையாகத்தான் வரும். ஒரு பகல் முழுக்க யாரும் டீ குடிக்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். அங்கே எல்லோரையும் அவர்கள் எழுதும் சாமானின் பேரால்தான் கூப்பிடுவார்கள். இவர் மின்விசிறி. எதிர்க் கோடியில் வந்து நின்ற பெண் இஸ்திரி.

“ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேங்க. மூணுல அமுக்குங்க.”

“மூணுன்னு சொல்லும்போதேவா, சொல்லி முடிச்சப்புறமா?”

“அதை எப்படிங்க சொல்றது?”

“பயன்படுத்தும் முறை எழுதறது நீங்கதானே? எழுதுங்க, படிச்சுட்டு அமுக்கறேன்.”

கூடமே கேட்டுக்கொண்டிருந்தது அம்மா. மூன்று தடவை தப்பாகி நாலாவது தடவை டீ வந்தபோது பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நாலு மாதத்தில் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம். காற்றும் சூடும் சேர்ந்தால் வீட்டில் புழுக்கம்தான் என்று அலுவலகமே கேலி பேசியது. கேலி பேசியது என்பதைக் கவனியுங்கள். தும்மினால் தட்டி அனுப்பியவர்கள்.

பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு போட்டேன், அடியில் சீசா. ஒருவர் உட்கார்ந்தால் சாயும், இரண்டு பேர் உட்கார்ந்தால் நேராக நிற்கும். ஜன்னல்களுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன், இருவர் சேர்ந்து சுற்றினால்தான் திறக்கும். காற்று வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிடத்தானே வேண்டும்? வாசலுக்கு எதிரே ஒரு பலகை, அதில் நாற்பது விளக்குகள், ஆளுக்கு ஒன்று. அவரவர் கழுத்தில் தொங்கும் அட்டையை அது அறியும். இன்னொருவரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தால் இரண்டு பேர் விளக்கும் எரியும். வாரத்தில் ஒரு தடவை எரிந்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை மதியம் வரை அணையாது. முதல் வாரம் பதினொன்று எரிந்தது. அடுத்த வாரம் இருபத்திரண்டு. அப்புறம் முப்பத்தைந்து. எட்டு மாடியையும் படியில் துள்ளித் துள்ளித்தான் இறங்குவேன், இந்த ஐம்பத்தெட்டு வயதில். காவலாளி, “மெதுவாம்மா, பல்லு போயிடப்போகுது” என்பார். கூடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் என்னைப் பொம்மைக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முப்பத்தொன்பதில் வந்து நின்றது.

நாற்பதாவது விளக்கு கமாவுடையது. அவர் பிழை திருத்துகிறவர். மற்றவர்கள் எழுதுவதெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் போகும். ஒரு பக்கத்தில் பிழையே இல்லாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, தேடிப்பிடித்து ஒரு கமாவாவது போட்டுவிட்டுத்தான் தாளைக் கீழே வைப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. வணக்கம் சொன்னால் தலையை அசைப்பார். அதோடு சரி.

நானே போய்ப் பார்த்தேன்.

“சார், ஒரு டீ குடிக்கலாமா?”

“நான் ஃபிளாஸ்க்ல கொண்டு வரேன்.”

“அந்தப் பெஞ்சுல வந்து கொஞ்சம் உட்காரலாமே?”

“உட்கார்ந்துக்கிட்டுதானே இருக்கேன்.”

“ஜன்னலைத் திறக்கலாமா? காத்து வரும்.”

“வெளிய தூசி. எனக்கு ஒத்துக்காது.”

மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, “உங்க வேலைக்கு எழுதியிருக்கற பேர்ல ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கு” என்றார். பென்சிலால் ஒரு சின்னக் கூம்பு போட்டுக் காட்டினார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் வரிக்கு அடியில் அந்தக் கூம்பைப் போட்டு, ஓரத்தில் எழுத வேண்டியதை எழுதுவது அவர்கள் வழக்கம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். நானும் அவளும்தான் வீட்டில். எங்கள் சோபாவில்கூட இரண்டு பேரும் உட்கார்ந்தால்தான் டிவி ஓடும்படி செய்து வைத்திருந்தேன். அவள் என் இடத்தில் அரிசி மூட்டையை உட்கார வைத்துவிட்டு நாடகம் பார்ப்பாள்.

“ஏண்டி, அந்த மனுஷன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான். உனக்கு என்ன வந்துச்சு?”

“தனியா இருக்கணும்னு யாரும் நினைக்க மாட்டாங்கக்கா. கூப்பிடத் தெரியாம இருப்பாங்க.”

“நான் நினைப்பேன்.”

“உனக்குத்தான் நான் இருக்கேனே.”

“அதனாலதான்டி சொல்றேன்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்கு எப்போதுமே குசும்பு. அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. அங்கே பேரப்பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்களாம்.

கமாவுக்காகவே ஓர் அலமாரி செய்தேன். அழகான அலமாரி அம்மா, நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் செம்புக் குமிழ், நடுவே எட்டடி. ஒருவர் இந்தக் குமிழையும் இன்னொருவர் அந்தக் குமிழையும் பிடித்து, நடுவில் இருவரும் கைகோர்க்க வேண்டும். உடம்பு வழியாக மெல்லிய மின்சாரம் ஓடும், உறைக்கவே உறைக்காது. ஒரு சின்னப் பாட்டு வரும், கதவு திறக்கும். முதலில் பத்து விநாடிதான் வைத்தேன். ஆனால் பத்து விநாடிக்கு மனிதர்கள் விரல் நுனியைக் கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள். ஒரு நிமிடம் ஆனால் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்று நிமிடம் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாராக இருந்தாலும் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும். மூன்று நிமிடம் என்று வைத்தேன்.

“தலைவலி மாத்திரை எடுக்கறதுக்குள்ள தலைவலியே போயிடுதும்மா” என்றார் தலையாட்டி.

“அப்போ மாத்திரை மிச்சம்தானே சார்?”

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலோடு மேசை இழுப்பறைகளையும் எடுத்துவிடச் சொன்னேன். குடை, மாற்றுக் கண்ணாடி, கொறிக்கிற சாமான், மருந்து மாத்திரை எதுவும் இனி மேசையிலோ பையிலோ இருக்கக் கூடாது, எல்லாம் பொது அலமாரியில்தான் என்று சுற்றறிக்கை போட்டார். எழுதிக் கொடுத்தது நான். மற்றவர்கள் யாரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை, பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். கமா மட்டும் வரி பிசகாமல் செய்தார். அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அது சட்டம். இழுப்பறையிலிருந்த இன்ஹேலரைக் கொண்டுவந்து, மேல்தட்டில், தன் பேரெழுதிய பெட்டிக்குள் வைத்தார்.

அலமாரி செய்த தச்சருக்குத்தான் மனசே வரவில்லை. “ஒரு சாவியாவது வெச்சுடுவோம்மா. அவசரம்னா என்ன பண்ணுவாங்க?” என்று நச்சரித்தார். வயதில் பெரியவர், மனம் நோகக் கூடாதே என்று சம்மதித்தேன். பக்கவாட்டில் ஒரு பூட்டு வைத்தார். ‘அவசரத்துக்குச் சாவி உண்டு’ என்று அலமாரியின் ‘பயன்படுத்தும் முறை’ குறிப்பேட்டிலும் ஒரு வரி சேர்த்தோம். அந்தச் சாவியை நான் கழுத்துக் கயிற்றில் அட்டையோடு கோத்துப் போட்டுக்கொண்டேன்.

கமா என்ன செய்தார் தெரியுமா? ஸ்கேல் கொண்டுவந்தார். பக்கங்களை அளப்பதற்கென்று அங்கே மூன்றடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று உண்டு. இடது கையால் இந்தக் குமிழைப் பிடித்து, வலது கையில் ஸ்கேலை நீட்டி அந்தக் குமிழில் முட்டுக் கொடுத்து, மூன்று நிமிடம் சிலை மாதிரி நின்றார். பாட்டு வந்தது, கதவு திறந்தது. பெஞ்சிலும் அப்படித்தான், எதிர்ப்பக்கம் தாள்கட்டுகளை அடுக்கி, நேராக நிறுத்தி, ஜம்மென்று உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாப்பிட்டார். கூடமே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஆனால் பலகையில் விளக்கு எரியவில்லை. ஸ்கேலுக்கு அட்டை கிடையாதே.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் தலையாட்டி வந்து சொன்னார், கட்டடத்தின் முதலாளிகள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள் என்று. நாற்பது விளக்கும் எரிந்தால் பன்னிரண்டு மாடிக்கும் இதையே செய்யச் சொல்வார்களாம். “நாப்பதும் எரியணும்ங்கறாங்கம்மா. முப்பத்தொன்பதுன்னா யாரோ ஒருத்தருக்கு இது பிடிக்கலைன்னு அர்த்தமாம்.” ஐந்நூறு பேர் அம்மா. ஐந்நூறு பேர் ஒருவரையொருவர் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். அதற்கும் எனக்கும் நடுவே ஒரு மனிதரும் ஒரு ஸ்கேலும்.

இப்போது வார்னிஷ் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பெஞ்சுக்கு முதல் தடவை வார்னிஷ் அடித்த அன்று கமாவுக்கு மூச்சு இழுத்தது. இழுப்பறை இருந்த காலம் அது. இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை அடித்துக்கொண்டு, உதடு வெளுத்து, பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வேண்டாம், காற்று வேண்டாம், பேச்சு வேண்டாம் என்ற மனிதருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை.

சனிக்கிழமை தச்சரை வரச்சொல்லி எல்லாவற்றுக்கும் புது வார்னிஷ் அடிக்கச் சொன்னேன். பெஞ்சு, அலமாரி, ஜன்னல் சட்டம் எல்லாம்.

“போன தடவையே அந்த சாருக்கு இழுத்துச்சேம்மா.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, யாரும் வர மாட்டாங்க. நீங்க அடிங்க.”

அவர் அடித்தார். அவரை நீங்கள் தொந்தரவு செய்யக் கூடாது. அவர் போன பிறகு கமாவின் மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றடி ஸ்கேல் எந்தப் பைக்குள்ளும் முழுசாகப் போகாது, பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. முதல் கேள்விக்குப் பதில் அதுதான்.

பிறகு கமாவுக்குத் தொலைபேசினேன். திங்கட்கிழமை முதலாளிகளுக்குக் கொடுக்க அலமாரிக் குறிப்பேட்டைப் புதிதாக அச்சடிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து ஒரு தடவை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“லீவு நாள்ங்க.”

“தெரியும் சார். ஆனா இதுல நாப்பது பிழை இருக்கறதா எனக்கே தோணுது.”

அந்தப் பக்கம் பென்சிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மீன் தூண்டிலை முகர்ந்து பார்க்கிற சத்தம் அது.

“நாப்பதா?” என்றார். “வரேன்.”

அந்த நாற்பதையும் நானே உட்கார்ந்து வைத்தேன் அம்மா. மூன்று மணி நேரம் பிடித்தது. பிழையாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒற்று வேண்டிய இடத்தில் எடுத்தேன், வேண்டாத இடத்தில் போட்டேன். லகரம் ளகரம் எல்லாவற்றையும் இடம் மாற்றி உட்கார வைத்தேன். கல்யாண வீட்டுக்குச் சாமான் கட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

மூன்று மணிக்கு டாணென்று வந்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன, வார்னிஷ் வாசனை கமகமவென்று இருந்தது. வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். நான் தாள்களை விசிறி மாதிரி ஆட்டிக் காட்டினேன். உள்ளே வந்துவிட்டார். வாசல் கதவு கடைசிவரை திறந்தேதான் இருந்தது, இதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதவில் மட்டும் நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் அவர் மேசையிலிருந்து வாசலுக்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும். அலமாரிக்கு ஆறே எட்டு.

முதல் பதினைந்து பிழையை ஐந்து நிமிடத்தில் பிடித்தார். என்ன வேகம் தெரியுமா, பென்சில் கோழி கொத்துகிற மாதிரி ஓடியது. இருபதில் இருமல் வந்தது. முப்பதில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். “ஜன்னல்” என்றார். நான் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “வாங்க சார், அந்தப் பக்கம் நீங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி குனிந்துவிட்டார். பிழைதான் முக்கியம் அவருக்கு. முப்பத்தொன்பதில் எழுந்துவிட்டார். மூச்சு விசில் மாதிரி கேட்டது. மேசையில் ஸ்கேலைத் தேடினார். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நான் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அலமாரிக்குப் போய் இடப்பக்கக் குமிழைப் பிடித்தேன். மற்றக் கையை நீட்டினேன்.

“கை குடுங்க சார்” என்றேன். “மூணே நிமிஷம்.”

அவர் வரவில்லை. திரும்பவும் மேசையில் குனிந்து, முதல் பக்கத்தைப் புரட்டி, ஓர் இடத்தில் கூம்பைப் போட்டார். ஓரத்தில் ஏதோ எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு, மேசை மேசையாகப் பிடித்தபடி என்னிடம் வந்து முகத்துக்கு நேரே காட்டினார். நீங்கள் இங்கே உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதே தாள்தான். ‘அவசரத்துக்குச் சாவி உண்டு’ என்று எழுதியிருக்கிறது பாருங்கள். கையெழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் ஒரு ஒற்றுகூட விடவில்லை. அதுதான் நாற்பதாவது. அந்த வரியை நான்தான் எடுத்திருந்தேன். சாவி என்று ஒன்று இருந்தால் அப்புறம் யார் யாரைக் கூப்பிடுவார்கள், அலமாரி எதற்கு? பழைய அச்சில் அந்த வரி இருந்தது அவருக்கு அந்த நேரத்திலும் நினைவிருந்தது. என்ன மூளை.

“சபாஷ் சார், நாப்பது” என்றேன். கை தட்டியும் விட்டேன், சந்தோஷத்தில்.

அவர் தாளைக் காட்டினார், என் கழுத்தைக் காட்டினார். பிறகு கையை நீட்டினார்.

சாவி எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். கழுத்தில்தான். நான்கு விரற்கடை நீளம், பித்தளை. பூட்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே. ஒரு திருப்புத் திருப்பினால் திறந்துவிடும், தச்சர் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மறந்துவிட்டேனா என்று உங்கள் அதிகாரி இரண்டு தடவை கேட்டார், நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி காட்டுகிறார். மறக்கவில்லை. ஒரு வருடமாக யாரிடமும் கை நீட்டாத மனிதர் என்னை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் சாவியை எடுத்து நீட்டினால் அந்தக் கைக்கு என்ன மரியாதை?

பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. வலக்கையால் அந்தப் பக்கத்துக் குமிழைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். ஒரு நிமிடம் ஓடியது. கை நழுவிவிட்டது. நழுவினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அப்படித்தான் செய்திருக்கிறேன். மறுபடி பிடிக்க வைத்தேன். மறுபடி நழுவியது. அவர் முழங்கால் மடிந்து அலமாரியில் சாய்ந்துவிட்டார். அப்போதுதான் என் கைக்குட்டையால் அவர் கையைக் குமிழோடு சேர்த்துக் கட்டினேன். மணிக்கட்டில் இருப்பது அந்தத் தடம். கட்டு இறுக்கம் இல்லை, அவர் சாய்ந்ததில் இறுகியிருக்கும்.

அந்த மூன்று நிமிடம் நாங்கள் பேசினோம். சரி, நான் பேசினேன், அவர் கேட்டார். சீசாவைப் பற்றிச் சொன்னேன். அக்காவின் அரிசி மூட்டையைப் பற்றிச் சொன்னேன். டிவிக்கு எதிரே அந்த மூட்டையும் நானும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறோம், நல்ல துணை, குறுக்கே பேசாது என்று சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை அம்மா அதை. அந்தப் பலகையில் எனக்கு விளக்கு கிடையாது, நான் அங்கே ஊழியர் இல்லையே, விருந்தாளி அட்டைதான் என்றும் சொன்னேன். பார்த்தீர்களா, மூன்று நிமிடம் ஆனால் யாராக இருந்தாலும் வந்துவிடும் என்றேனே.

பாட்டு வந்தது. கதவு திறந்தது. அந்தக் கோடியில் நாற்பதாவது விளக்கு எரிந்தது, மஞ்சளாக, குட்டியாக. நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், கீழே காவலாளிக்குக் கேட்டிருக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டாராம். இன்ஹேலரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்குக் காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை அவர் கையைப் பிடித்தபடி அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். எதற்குக் கூப்பிட வேண்டும்? இரண்டு பேர் இருந்தோமே. திங்கட்கிழமை மதியம் வரை விளக்கு எரிந்திருக்கும், முதலாளிகள் வந்து பார்த்தார்களா என்று யாராவது கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மற்றபடி நீங்கள் எழுதிக்கொண்டது எல்லாம் சரிதான். வார்னிஷ் நான்தான், சுற்றறிக்கை நான்தான், ஸ்கேல் நான்தான், அந்த வரியை எடுத்ததும் நான்தான், சாவி என்னிடம்தான் இருந்தது, அவருக்கு மூச்சு நிற்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவரை வற்புறுத்தினேன் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அம்மா. கடைசிவரைக்கும் அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.